என் அறையில் இருபத்தொரு முளைப்பாரி

நான் ஆம்பளையா இல்லையா என்று முடிவு செய்வதற்காக ஐந்து பெண்கள் என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

காலை பதினோரு மணி இருக்கும். நான் உள்ளே பாயில் படுத்திருந்தேன். போர்வை மூக்கு வரை ஏறியிருந்தது. பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான், ஆனால் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராணி சின்னம்மா மடியில் முறத்தை வைத்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு சூடானால் கடலை உடையும் சத்தமும் வேகமாகும்.

கூட்டத்துக்குத் தலைமை மல்லிகா அத்தை. அப்பாவுக்குத் தங்கை முறை. ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளப்பவர். யார் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பதால், எங்கள் தெருவில் எந்தத் தகராறானாலும் அவரிடம்தான் போகும்.

வழக்கு இதுதான். அம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருவின் முளைப்பாரி இருபத்தொரு பானை. அதை வளர்க்க வெளிச்சம் படாத அறை வேண்டும். அந்த அறைக்குள் ஆம்பளை வரக் கூடாது. தெருவிலேயே கும்மிருட்டான அறை என்னுடையது. அதற்குள் நான் இருந்தேன்.

"இவன இப்ப எங்கிட்டுச் சேக்குறது?" என்று கேட்டார் அத்தை.

கொஞ்சம் பொறுங்கள்

தீர்ப்புக்குப் போவதற்கு முன்னால் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கீரனூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவராம். பஸ்ஸில் இந்தத் தொடரைப் படித்துச் சிரித்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் முறைத்ததும் வெட்கமாகிவிட்டதாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இவ்வளவு சிரிக்கச் சிரிக்க எழுதுகிறீர்களே, உங்களுக்கு வந்தது நிஜமாகவே மனச்சோர்வுதானா?

நிஜம்தான் அம்மா. அசல் சரக்கு. ஒரு வேளை சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முக்கால் மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. இனி இருக்க வேண்டாம் என்று நினைத்த நாட்களும் உண்டு. அந்த நாட்களை அந்த நாட்களில் எழுதியிருந்தால் ஒரு வரி கூட வந்திருக்காது. இப்போது சிரிப்பாக வருகிறது. வருகிறபோது எழுதிக்கொள்கிறேன்.

மேலும், முளைப்பாரி என் அறையில் வளர்ந்த அந்த எட்டு நாட்களை அழுதுகொண்டு சொல்ல யாராலும் முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். குளியல் வரும் இடத்தில் சிரித்துவிடுவேன்.

அந்தக்காவுக்கு ஃப்ரீ

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. புதுக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலை எட்டரை டவுன் பஸ்ஸில் போய், மாலை ஏழு மணி பஸ்ஸில் திரும்புவேன்.

கண்ணுக்கு மை வைப்பேன். அது எனக்குப் பிடிக்கும். பிடரி வரை முடி. இடது கை விரல்களில் நெயில் பாலிஷ், வலது கையில் கிடையாது, மவுஸ் பிடிக்கிற கை அல்லவா, சீக்கிரம் உரிந்துவிடும். பேசினால் என் கைகளும் சேர்ந்து பேசும். நடந்தால் இடுப்பு கொஞ்சம் கூடவே நடக்கும். இதெல்லாம் சேர்ந்தும் நான் ஆண்தான். எனக்கு அதில் ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. குழப்பமெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்தே பட்டப்பெயர்கள் உண்டு. அவற்றை இங்கே எழுதி அச்சு மையை வீணாக்க வேண்டாம். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். பழகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் மாலை பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் என் பக்கம் வந்தபோது, பின் சீட்டிலிருந்து பிரபு குரல் கொடுத்தான். பிரபு, கடலை உடைத்துக்கொண்டிருந்த ராணி சின்னம்மாவின் மகன். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு.

"அண்ணே, அந்தக்காவுக்கு டிக்கெட் போடாதீங்க. பொம்பளைகளுக்கு ஃப்ரீயில்ல?"

பஸ் சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். சற்று முன்னால் என்னிடம் பையைக் கொடுத்துவிட்டுக் கைப்பிள்ளையோடு ஏறிய ஒரு அக்காவும் சிரித்தார். அவர் பை அப்போதும் என் மடியில்தான் இருந்தது.

பிரபு அதை வீடியோ எடுத்திருந்தான். பின்னணியில் ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்துப் போட்டுவிட்டான். மறுநாள் மதியத்துக்குள் எங்கள் ஊர், பக்கத்து ஊர், ஸ்டூடியோ முதலாளி, லாரி ஓட்டிக்கொண்டு வடநாட்டில் எங்கோ இருந்த என் அப்பா, எல்லோர் போனிலும் அது இருந்தது.

நான் அதை நூறு தடவை பார்த்திருப்பேன். பிரபு சொன்னது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த வீடியோவில் நானும் சிரிக்கிறேன். பல் தெரிய, தலையைக் குனிந்துகொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து என்னைப் பார்த்து நானே சிரிக்கிறேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று மையைக் கழுவினேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

உரச் சாக்கு

பிரபுவால்தான் எனக்கு நோய் வந்தது என்று எழுதினால் கதை எளிதாகிவிடும். அப்படி இல்லை. அதற்கு முந்தைய வருடமே பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்து மாத்திரை வாங்கத் தொடங்கியிருந்தேன். நோயும் ஊர்க் கேலியும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்க்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த மாதம் இரண்டும் என் அறையில்தான் தின்று கொழுத்தன.

அறை என்பது வீட்டின் பின்பக்கம். முன்பு கடலை மூட்டை அடுக்கிய இடம். ஒரே ஒரு ஜன்னல், பக்கத்துச் சந்தைப் பார்த்தது. அதன் வழியாக யாராவது போனில் படம் பிடிப்பார்களோ என்று எனக்குப் பயம். காலி உரச் சாக்கு இரண்டை மடித்து வைத்து ஆணி அடித்துவிட்டேன். கை நீட்டினால் கை தெரியாது.

பஸ் ஏற முடியாததால் மாத்திரை வாங்க அம்மாவே போய்வந்தார். இரண்டு முறை கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த தடவை ஆளை நேரில் பார்க்காமல் மாத்திரை எழுத மாட்டாராம். அம்மா கெஞ்சியிருக்கிறார். டாக்டரம்மா அசையவில்லை.

அட்டையில் பதினோரு மாத்திரை மீதி இருந்தது. அதற்குள் நான் பஸ் ஏற வேண்டும். அந்தப் பஸ் படியை நினைத்ததும் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன். ஆட்டோவில் போகலாம் என்றார் அம்மா. ஆட்டோவுக்கும் தெருவைத் தாண்டித்தானே போக வேண்டும் என்றேன். அம்மா எழுந்து போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் மல்லிகா அத்தைக்கும் ஒரு துயரம் வந்தது. வருடா வருடம் முளைப்பாரி வளர்வது அத்தை வீட்டில். சிங்கப்பூரிலிருக்கும் மகன் பணம் அனுப்பி வீட்டை இடித்துக் கட்டியிருந்தான். சுவருக்குச் சுவர் கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்தினாலும் பேப்பர் படிக்கலாம். தெருவில் இருட்டாக ஓர் அறை இல்லை என்று அத்தை வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா பால் ஊற்றப் போன இடத்தில் என்னைச் சொல்லி அழுதிருக்கிறார். ஜன்னலைக்கூட அடைத்துவிட்டான் மல்லிகா, பகலிலேயே கும்மிருட்டாகக் கிடக்கிறது என்று. அத்தை அளந்துகொண்டிருந்த பாலைக் கீழே வைத்துவிட்டாராம்.

"கும்மிருட்டா மதினி? காத்து வருமா?"

என் வாழ்நாளில் என் துன்பத்தைக் கேட்டு ஒருவர் முகம் அப்படி மலர்ந்ததாக எனக்கு வேறு தகவல் இல்லை.

தீர்ப்பு

அப்படித்தான் அந்த ஐந்து பேர் வாசலில் உட்கார்ந்தார்கள். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார்.

ஒரு சாரார் வாதம், கதிர் நம்ம பிள்ளை, அவன் இருந்தால் என்ன, அவனுக்கு நம்மைப் போலவே மனசு. இதைச் சொன்ன இரண்டு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஆம்பளைக் கணக்கிலிருந்து என்னைக் கழித்துவிட்டுத்தான் உள்ளே சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

எதிர்வாதம் ராணி சின்னம்மா. "மீசை முளைக்கிறவன் ஆம்பளதான். அம்மன் காரியத்துல வெளையாட்டு வேணாம்" என்றார். முறத்தில் கடலை படபடவென்று உடைந்தது.

வேடிக்கையைப் பாருங்கள். மகன் என்னை அக்கா என்று ஊருக்கே காட்டியவன். அந்தக் கூட்டத்தில் என்னை ஆம்பளை என்று அடித்துச் சொன்ன ஒரே ஆள் அவன் அம்மா. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் ஜெயித்தால் என் அறை போய்விடும். அறை போனால் கூடத்தில் படுக்க வேண்டும். கூடத்துக் கதவு தெருவைப் பார்த்தது.

கடைசியில் அத்தை என் பக்கம் குனிந்தார். "ஏ மருமகனே, நீயே சொல்லு. என்ன செய்யலாம்?"

ஆம் என்று தலையாட்டி என்னைக் கழித்துக்கொள்ளச் சொன்னால் அறை என்னுடையது. எனக்கு அது நன்றாகத் தெரியும். போர்வையை இறக்கினேன். மூன்று வாரத்தில் வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் நான் பேசியிருக்கவில்லை, குரல் கரகரத்தது.

"நான் ஆம்பளதான் அத்த. ஆனா நான் இங்கருந்து போக மாட்டேன்."

முறம் நின்றது. பால் அளப்பவரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று அன்று பார்த்தேன்.

"ஆம்பள உள்ள வரக் கூடாதுன்னுதான வழக்கம்? இவன் எங்க வந்தான், உள்ளயேல்ல கெடக்கான். பானதான் இவன் இருக்கிற எடத்துக்கு வருது. இவன் வெளிய போகாத வரைக்கும் தோஷமில்ல."

மற்றவர்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். ராணி சின்னம்மா மட்டும் விடவில்லை. அப்படியானால் கக்கூஸுக்கு? அது கொல்லையில் அல்லவா இருக்கிறது? போனால் திரும்ப உள்ளே வரத்தானே வேண்டும்?

அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது. "போனா தலைக்குக் குளிச்சிட்டு வரட்டும். ஒவ்வொரு தடவையும்."

குளியல்

முளைப்பாரி தெரியாத பட்டணத்து வாசகர்களுக்கு இரண்டு வரி. அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலும் எருத்தூளும் நிரப்பி, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை எல்லாம் விதைப்பார்கள். இருட்டில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தால் எட்டு நாளில் முழ உயரம் வந்துவிடும். வெளிச்சம் படாததால் தாழம்பூ நிறத்தில் வெளிறி நிற்கும். அந்த நிறம்தான் அழகு. பெண்கள் தலையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கும்மி அடித்துக் குளத்தில் கரைப்பார்கள். பயிர் எப்படி வருகிறதோ அப்படித்தான் அந்த வீட்டுக்கு வருடம் என்பார்கள்.

அன்றே இருபத்தொரு பானையும் வந்து இறங்கின. என் பாயைச் சுவரோரம் தள்ளினார்கள். தலைமாட்டில் ஏழு, கால்மாட்டில் ஏழு, பக்கத்தில் ஏழு. நான் புரண்டு படுத்தால் பானை இடிக்கும். அதனால் புரள்வதை நிறுத்தினேன்.

குளியலுக்கு வருகிறேன். சோர்வு வந்தவர்களுக்குத் தெரியும், குளிப்பது என்பது மலை ஏறுகிற வேலை. நான் குளித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த முதல் நாள் மட்டும் நான்கு முறை குளித்தேன். மாத்திரையால் வாய் காய்ந்து போகும், லோட்டா லோட்டாவாகத் தண்ணீர் குடிப்பேன். குடித்தால் கொல்லைக்குப் போக வேண்டும். போனால் குளிக்க வேண்டும். ஐந்தாவது தடவை தேவை வந்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் யோசித்தேன்.

கிணற்றடியில் அம்மா வாளியோடு தயாராக நின்றார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து லோட்டாவை நிரப்பிவிட்டுப் போனதை நான் கவனிக்காமல் இல்லை.

இரண்டாம் நாள் பெண்கள் கடலை பறிக்கப் போய்விட்டார்கள். மதியத் தெளிப்புக்கு ஆள் இல்லை. அத்தை வாசலில் நின்றபடியே மஞ்சள் தண்ணீர்ச் செம்பை உள்ளே தள்ளிவிட்டு, தெளிச்சு விடு மருமகனே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராணி சின்னம்மா கேட்டதற்கு, உள்ளே இருக்கிறவன் சும்மா இருக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான் என்று ஒரு புது வழக்கத்தை அங்கேயே உண்டாக்கினாராம்.

இருட்டில் தடவித் தடவித் தெளித்தேன். மூன்றாம் நாள் விரல் நுனியில் ஏதோ தட்டியது. மண்ணை முட்டிக்கொண்டு வந்த மொச்சை முளை. மண்டை கனத்து, எழுந்திருக்கவா வேண்டாமா என்று கொக்கி மாதிரி வளைந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக இருட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அம்மா பயந்துவிட்டார்.

மாலையில் சாம்பிராணி போடுவார்கள். முற்றத்தில் கும்மி நடக்கும். அத்தைதான் பாட்டெடுப்பார், தாளம் எங்கேயோ போகும். பொறுக்க முடியாமல் நான்காம் நாள் உள்ளிருந்து கை தட்டிச் சரிசெய்தேன். அதன் பிறகு என் கைத்தட்டுக்காகக் காத்திருந்து அடியெடுத்தார்கள்.

ஆறாம் நாள்

இப்போது நான் செய்த குற்றம்.

ஐந்து நாளாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்த பயிர் எனக்கு என் பிள்ளைகள் மாதிரி ஆகியிருந்தது. இருபத்தொன்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். ஆறாம் நாள் காலை செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிறிப்போய், ரத்தமே இல்லாமல், இழுத்து இழுத்து உயரமாக நின்றன. வளர்கின்றன, ஆனால் எதையோ தேடிக்கொண்டு வளர்கின்றன. எனக்குத் தாங்கவில்லை. இதுகளுக்கு என்ன தலையெழுத்து, இதுகளை யார் கேலி செய்தார்கள், இதுகள் ஏன் இருட்டில் கிடக்க வேண்டும் என்று தோன்றியது.

முளைப்பாரி வெளிறித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரியவில்லை.

எழுந்தேன். வீட்டில் ஆளில்லை, அம்மாவும் கடலை பறிக்கப் போயிருந்தார். ஆணியைப் பிடுங்கினேன். ஒரு ஆணி வரவில்லை, குழவிக்கல்லால் தட்டிப் பிடுங்கினேன். சாக்கை எடுத்து எறிந்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. கண் கூசியதில் பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு எல்லாப் பானையும் தெரிந்தது. எவ்வளவு அழகு என்கிறீர்கள். அன்று பகல் முழுதும் அதுகளோடு பேசிக்கொண்டே வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் பெண்கள் வந்தார்கள். இருபத்தொரு பானைப் பயிரும் கிளிப்பச்சையாக மாறி, ஒன்று விடாமல் ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றது.

ராணி சின்னம்மா நெஞ்சில் கை வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு, குளத்துக் கரை ஏறும்போது ஊர் காறித் துப்பும், அம்மன் குத்தம் வேறு என்று உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நான் மூலையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் வீட்டு வருடத்தைக் கெடுத்தாலே பாவம், நான் இருபத்தொரு வீட்டைக் கெடுத்திருந்தேன்.

அம்மா கடைசியாக வந்தார். அவர் பானைகளைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சாக்கைப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைக் கேட்டார்.

"நீயா தொறந்த?"

ஆமாம் என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். அழவும் செய்தார், ஆனால் அதற்கு முன்னால் சிரித்தார். மல்லிகா அத்தை அம்மாவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கத்திக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினார்.

"பச்சையா வந்தா என்ன? இந்த வருசம் மழ ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றார். அப்படி ஓர் அர்த்தம் அதற்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதில்லை. பானைகளை மறுபக்கம் திருப்பி வைத்து, இரண்டு நாளில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. எனக்குத் தண்டனையும் அத்தைதான் சொன்னார். ஏன் பச்சை என்று ஊர் கேட்கும். பதில் சொல்ல நான்தான் ஊர்வலத்தில் கூடவே வர வேண்டும்.

அட்டையில் நான்கு மாத்திரை இருந்தது.

ஊர்வலம்

எட்டாம் நாள் சாயங்காலம். வர முடியாது என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் யாரும் காதில் வாங்கவில்லை, அவரவருக்குப் பட்டுச் சேலை கட்டுகிற அவசரம்.

அம்மாவின் கண்ணாடி முன்னால் நின்றேன். மை முதலில் கன்னத்தில் பட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டு கண்ணுக்கும் சரியாக வந்தது.

மேளம் முன்னால் போனது. இருபத்தொரு பெண்கள் வரிசையாக, தலையில் பச்சைப்பசேல் என்று பயிர். நான் ஓரமாக, கையில் ஒன்றும் இல்லாமல். வழியெல்லாம் கேட்டார்கள். என்ன இது பச்சையா இருக்கு? மழ ஜாஸ்தி, மழ ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பஸ் ஸ்டாப் பாலத்துக் கட்டையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரபு. என்னைப் பார்த்ததும் போன் மேலே வந்தது. என் கால் நின்றுவிட்டது. திரும்பி ஓடினால் வீடு முந்நூறு அடி. மனதில் அளந்துகூடப் பார்த்துவிட்டேன்.

"என்னக்கா, எல்லாரும் பான தூக்குறாங்க, ஒங்க பான எங்க?"

கட்டையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வாயும் பழக்க தோஷத்தில் சிரிக்கப் போனது. உதடு விரிவது எனக்கே தெரிந்தது. அதை அப்படியே நிறுத்தினேன். அவன் போனுக்குள் நேராகப் பார்த்தேன்.

"இருபத்தொண்ணும் என்னோடதுதான்டா. எண்ணிக்க."

வரிசையில் யாரோ களுக்கென்றார். தலையில் பானை இருக்கும்போது சிரிக்கக் கூடாது, பயிர் ஆடும், வைக்கோல் கொட்டும். அவர்களால் அடக்க முடியவில்லை. முன்னாலிருந்து பின்னால் வரை சிரிப்பு ஓடியது, இருபத்தொரு பானைப் பயிரும் குலுங்கியது. மல்லிகா அத்தை ஒரு கையால் பானையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ராணி சின்னம்மா வரிசையில் ஒன்பதாவது. பானை இருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியாது. நேரே பார்த்தபடியே பேசினார், ஆனால் யாரிடம் பேசுகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"போன உள்ள வைடா. ஒன் வீட்டுப் பானையும் அவன் வளத்ததுதான்."

பிரபு போனை இறக்கினான். பெரிய மனமாற்றம் என்று நினைக்க வேண்டாம். அவன் இன்றைக்கும் அப்படித்தான், எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது. அன்று அவனுக்கு அம்மாவிடம் பயம், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று குளத்தங்கரையில் கும்மி அடித்தேன். ஆண்கள் அடிக்கலாமா என்று எவரும் வழக்குப் பேசவில்லை, பேச மூச்சில்லை.

மறுநாளுக்கு மறுநாள்

சோர்வு போய்விட்டதா என்றால், இல்லை. ஊர்வலத்துக்கு மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். உடம்பு பாறையாகக் கனத்தது. அறை திடீரென்று காலியாக இருந்ததும் ஒரு காரணம். கும்மி அடித்தால் தீர்கிற நோயாக இருந்தால் அரசாங்கம் மாத்திரை கொடுக்காமல் மேளம் கொடுத்திருக்கும்.

ஆனால் அட்டையில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது.

அடுத்த நாள் எட்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அம்மா சேலை மாற்றிக்கொண்டு கூட வரத் தயாராக நின்றார். வேண்டாம் என்றேன். அம்மா வாசல்வரை வந்து, என் காலரைச் சரிசெய்தார். வாரேம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பஸ்ஸில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் பார்த்தார்கள், ஒருவர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டார், ஒரு குழந்தை என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தது. எனக்கு வழி முழுக்க வேர்த்தது. இறங்கும் வரை முன்சீட்டுக் கம்பியை விடவில்லை, கை முழுக்கத் துரு வாசனை.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார், கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். இனி இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இன்னும் வருகிறதா என்று கேட்டார். வருகிறது, ஆனால் முன்பு மாதிரி நாள் முழுக்கத் தங்குவதில்லை என்றேன். குளிக்கிறீர்களா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு எட்டிக் கதவுக்கு வெளியே பார்த்தார்.

"அம்மா வரலயா? யார் கூட வந்தீங்க?"

"தனியாத்தான் வந்தேன் டாக்டர். பஸ்ல."

அவர் மாத்திரைப் பெயரை எழுதுவதற்கு முன்னால், நோட்டில் அதற்கு மேலே இங்கிலீஷில் சின்னதாக ஒரு வரி எழுதினார். மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகத்தான் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். தனியாக வந்திருக்கிறார் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.